பெட்டிச் செய்தி

'விளையாட்டு வினையானது.'
இந்தத் தலைப்பு எங்களிடம் எப்போதும் சூடாக இருக்கும்,
ஓட்டல் அடுப்பில் சாம்பார் மாதிரி.

எண்ணூர் துறைமுகத்தில்
மூன்றாம் எண் கூண்டு ஏற்றிய நாள்.
நீல டிரம் ஆறு, சவுக்குக் கம்பு, நைலான் கயிறு,
பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு செல்போன்.
தாழங்குப்பத்து முகத்துவாரத்திலிருந்து
பழவேற்காடு போகிறோம் என்று கிளம்பிய மூவர்
இரவு பதினொன்று ஐம்பதுக்கு
என் மேசையில் கரை ஒதுங்கினார்கள்,
நூற்றிருபது சொற்களாக.

ஈரம் துடைத்து நான்தான் உடுத்திவிட்டேன்:
விபரீத ஆசை. லைக்ஸ் மோகம்.
'சாகச வீரர்கள்'.
இதற்கு மட்டும் ஒற்றை மேற்கோள்குறி,
அச்சில் கண்ணடிக்க வேறு வழியில்லை.
அப்புறம் தோன்றியது அந்த வரி,
டிரம்மில் கடாரம் வெல்லப் போன கட்டிளங்காளைகள்.
நைட் டெஸ்க்கே சிரித்தது.
புரூஃப் பார்க்கும் சம்பந்தம்கூடச் சிரித்தார்,
சிரிக்காத மனுஷன்.

பிறகு கணக்கு.
ஹெலிகாப்டர் மணிக்கு இவ்வளவு என்று
யாரோ எப்போதோ சொன்ன தொகையை
மூன்றால் வகுத்தேன். மீதியை விட்டுவிட்டேன்.
'மக்கள் வரிப்பணம்' என்று கட்டம் கட்டினேன்.
நான்கு பக்கமும் கோடு போட்டுவிட்டால்
எந்த எண்ணும் நிமிர்ந்து நிற்கும்.

(அதே கழிமுகத்தில் சாம்பல் கொட்டுகிறவர்கள்
வைக்கும் செலவும் பொதுச் செலவுதான்.
அதற்குப் பொருத்தமான கிண்டல்
இதுவரை எனக்குத் தோன்றவில்லை.
யோசித்ததும் இல்லை.)

கடைசி வரி எழுதவே வேண்டாம், வந்துவிடும்:
போலீசார் அறிவுரை கூறி அனுப்பி வைத்தனர்.

மறுநாள் மதியம் போன்.
காசிமேடு. பேர் தேசப்பன்.
"சார், இட்டாந்தது நானு.
ஹெலிகாப்டர் மேல சுத்திச்சு, அவ்ளோதான்.
அது அடிச்ச காத்துல
டிரம்மு இன்னும் ஆடிச்சு.
வரிப்பணம்னு போட்டுக்கிறீங்களே,
பதினெட்டு லிட்டர் டீசல் என்னுது.
அது இன்னா பணம் சார்?"

நான் சொன்னேன், பார்க்கிறோம்.

"அறிவுரைன்னு வேற போட்டுக்கீறீங்க.
ஒரு பையன் வாந்தியா எடுத்துனு கெடந்தான்,
அவன்கிட்ட இன்னாத்த அறிவுரை.
பிஸ்கட் குடுத்தேன்.
ரெண்டு தின்னான். ஒண்ண கையிலயே வச்சிருந்தான்
கரை வர்ற வரைக்கும்."

டீசல் காசு கேட்கிறீர்களா என்றேன்.
லைனில் என்ஜின் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம்.
"இல்ல சார். தப்பா இருந்துச்சு. சொன்னேன்."

திருத்தம் என்று மூன்று வரி எழுதி வைத்தேன்.
அன்று ஆடித் தள்ளுபடி, ஏழாம் பக்கம் முழுக்கப் புடவை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.
அவர்கள் பழவேற்காடு போய்ச் சேர்ந்திருந்தால்
அதே நான்கு காலம், அதே படம்,
வடசென்னை இளைஞர்கள் சாதனை
என்று வைத்திருப்பேன்.
அதற்கும் தலைப்பு சூடாகத்தான் இருந்தது.
இரண்டுக்கும் நடுவில் இருந்தது காற்று மட்டும்,
அன்று அது வடகிழக்கில் திரும்பியது.

ஏஜென்ட் சொல்லித் தெரிந்தது:
டோல்கேட் கடையில் காலை ஐந்தரைக்கு ஓர் அம்மா
எங்கள் பேப்பர் பன்னிரண்டையும் மொத்தமாக
வாங்கிக்கொண்டு போனாராம்.
சில்லறைகூடக் கேட்கவில்லையாம்.
அந்த ஏரியாவில் அன்று
விற்பனை நூறு சதவீதம்.

மூன்று மாதம் இருக்கும்.
தேரடி ஸ்டாப்பிங்கில் பஸ்ஸுக்கு நிற்கிறேன்.
எதிர்ச்சாரியில் பைக்கை நிறுத்தி ஒருவன்
"டேய் கடாரம்!" என்று கத்தினான்.

ஜூஸ் கடை ஓரம் நின்ற ஒல்லிப் பையன்,
காதில் இயர்போன், கையில் ஐ.டி. கார்டு,
கோபமே இல்லாமல்
திரும்பிப் பார்த்தான்.